பனிப்பெட்டியில் தாயம்மாள்

டாக்குரியா, கொல்கத்தா
14 ஜூன் 2004

மதிப்பிற்குரிய இராஜமாணிக்கம் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் தேவிப்ரியா. உங்களுக்கு என்னைத் தெரியாது. காலம் சென்ற உங்கள் மனைவி தாயம்மாள் அம்மாவை எனக்குக் கொஞ்சம் தெரியும். மார்பகப் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் இங்கே வேலை பார்க்கிறேன். கிடர்பூர் முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. நேரில் போய் விசாரித்தபோது, பக்கத்து வீட்டு வங்காளி அம்மா, மாஷிமா என்று கூப்பிடுவீர்களாமே, அவர் உங்கள் தூத்துக்குடி முகவரியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். அப்பாவுக்கு ரயில்வே வேலை. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி, எழுதுவது குறைவு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறாள். ஆகவே பிழைகளில் பாதி அவளுடையவை.

விஷயத்துக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதம், கீமோதெரபி தொடங்குவதற்கு முதல் நாள், உங்கள் மனைவியின் கட்டியிலிருந்து ஊசியால் இரண்டு சிறு துணுக்குகள் எடுத்தோம். ஒன்றை அப்போதே ஒரு சோதனைக்குப் பயன்படுத்திவிட்டோம். மற்றது எங்கள் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஒரே நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுக்கிறோம். ஒரு பெண்ணுக்குக் கட்டி கரைந்துவிடுகிறது, அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு அசையக்கூட மாட்டேன் என்கிறது. கட்டிக்குள் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை சும்மா இருக்கின்றன என்பதை இப்போது அளந்து பார்க்க முடிகிறது. அவற்றையே அடையாளமாக வைத்து, மருந்து பலிக்குமா பலிக்காதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இதுதான் எங்கள் ஆராய்ச்சி.

பழைய துணுக்கைப் புதிய சோதனைக்கு எடுக்கக் குடும்பத்தாரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். தயவுசெய்து இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். கீழே தொலைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தேவிப்ரியா


தூத்துக்குடி
25-6-2004

டாக்டர் தேவிப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். மகள் அகிலாவிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன், நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று. தப்பில்லை.

போன் நம்பர் கொடுத்திருக்கிறீர்கள். பிரயோஜனம் இல்லை. கிடர்பூர் டாக்கில் டாலி கிளார்க்காக இருந்து, கப்பலில் ஏறுகிற இறங்குகிற சரக்கை எண்ணியே ஆயுசைக் கழித்தவன். கிரேன் சத்தம் காதைத் தின்றுவிட்டது. எழுத்தில்தான் பேச முடியும். எழுத்தில் என்றால் நன்றாகவே பேசுவேன்.

நீங்கள் எழுதியிருப்பதன் அர்த்தம் என்ன தெரியுமா? என் பெண்சாதியை நான் முழுசாக அனுப்பி வைக்கவில்லை. காளிகாட்டுக்குப் பக்கத்துச் சுடுகாட்டில் வைத்து எரித்தேன். சாம்பலைக் கங்கையில் பாபுகாட் படித்துறையில் பாதி, திருச்செந்தூர்க் கடலில் பாதி கரைத்தேன். பதினாறாம் நாள் காரியத்தில் ஒரு குறை வைக்கவில்லை. வருஷா வருஷம் திதி கொடுக்கிறேன். இவ்வளவும் செய்துவிட்டு, காரியம் முடிந்தது என்று நான் இங்கே சோறு தின்றுகொண்டிருக்க, அவளில் ஒரு துண்டு உங்கள் பெட்டியில் கிடக்கிறது!

அதுவும் பனியில். அம்மா, அவளுக்குக் குளிர் ஆகாது. கல்கத்தாவில் டிசம்பர் பிறந்தால் மங்கி கேப்பைப் போட்டு, அதற்கு மேல் சேலைத் தலைப்பையும் இழுத்து விட்டுக்கொண்டு திரிவாள். மங்கி கேப்போடு பிறந்த வங்காளிகளே அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளைப் போய் நாலு வருஷமாக ஐஸில் வைத்திருக்கிறீர்கள்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? என்னைக் கேட்கவில்லை. சம்மதமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதைப் பத்திரமாகக் கட்டி ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்பிவையுங்கள். செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன்.

இராஜமாணிக்கம்


டாக்குரியா
6 ஜூலை 2004

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. நான் எழுதியதை இப்படியும் ஒருவர் படிக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக வருந்துகிறேன்.

பார்சலில் அனுப்ப முடியாது ஐயா. அது ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். உறைபெட்டியை விட்டு வெளியே எடுத்தால், உங்களிடம் வந்து சேருவதற்குள் கெட்டுப்போய்விடும். நீங்கள் நேரில் வந்து கேட்டால் உங்கள் கையில் கொடுக்க வேண்டியது என் கடமை. கொடுப்பேன். உங்கள் பதில் வரும்வரை யாரையும் அதைத் தொட விடமாட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எங்கள் பேராசிரியருக்குப் பொறுமை இல்லை, சீக்கிரம் சம்மதம் வாங்கு என்கிறார். சோதனை செய்தால் அந்தத் துணுக்கை அரைத்துக் கரைத்துவிடுவோம். பிறகு திருப்பித் தர ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்லாமல் சம்மதம் வாங்குவது முறையல்ல.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். தாயம்மாள் அம்மாவைக் கேட்டுத்தான். நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. துணுக்குகளைக் குப்பியில் வாங்கி மாடிக்குக் கொண்டுபோவது என் வேலை. மற்ற பெண்களுக்கு வங்காளத்தில் விளக்கிச் சொல்வேன். அவருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏ பிள்ள, நீ தமிழா?” என்றார். ஆமாம் என்றதும், “பின்ன எதுக்கு இந்தப் பாடு படுத? தமிழ்லயே சொல்லு” என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எடுத்துக்கோ. வெட்டிப் போடுத சதைதான? ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாண்டாம். அந்த மனுசன் ஒரு ஆணி கொறஞ்சாலே கப்பலை நிறுத்துத ஆளு” என்றார்.

அப்போது நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். டாக்டர் துணுக்குகளை எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தார். நான் மாடிக்குக் கிளம்பினேன். தாயம்மாள் அம்மா அதற்குள் சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டார். “மூஞ்சி வாடிக் கெடக்கு, சாப்டியா?” என்றார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. “அது எங்கயும் ஓடிப்போவாது. இப்படி ஒக்காரு” என்று வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து, தூக்குவாளி மூடியில் புளிச்சோறு வைத்துக் கொடுத்தார். குப்பி எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது. அதனால்தான் அத்தனை பெண்களில் அவரை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

பணிவுடன்,
தேவிப்ரியா


தூத்துக்குடி
19-7-2004

டாக்டர் அம்மா,

‘அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், நீங்கள் கதை கட்டுகிறீர்கள்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆணி விஷயத்தைப் படித்த பிறகு பேனா ஓடவில்லை. அதை அவளைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது. 1987இல் ஒரு தடவை ஒரு பெட்டி குறைந்தது என்று கையெழுத்துப் போட மறுத்து ஒரு கப்பலைச் சாயங்காலம் வரைக்கும் நிற்க வைத்தேன். பெட்டியில் இருந்தது ஆணி. அதைச் சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டினாள்.

எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள். சரி. எனக்குத் தெரியாமல் அவள் செய்த காரியம் அது ஒன்றுதானா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் மருந்து மருந்து என்று எழுதுகிறீர்கள். அந்த மருந்து என்ன செய்தது என்று நான் எழுதுகிறேன். சிவப்பாக இருக்கும். ஏற்றின அன்றைக்கு மூத்திரம்கூடச் சிவப்பாகப் போகும். முதல் ஊசியோடு நாக்கு செத்துவிட்டது. தெருவில் பாதிப் பேருக்கு இட்லி மாவும் பொடியும் கொடுத்தவள், உப்பு தெரியாமல் சமைக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் குழம்பில் உப்பே இருக்காது, ஒரு நாள் வாயில் வைக்க முடியாது. “சரியா இருக்கா?” என்பாள். “இருக்கு” என்பேன். அப்புறம் முடி போயிற்று. அப்புறம் வாயெல்லாம் புண்.

மூன்றாவது ஊசி முடிந்து டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு நூல்கூடக் குறையவில்லை. போதும், ஊருக்குப் போவோம், இருக்கிற நாளைச் சோறு தின்று கழிப்போம் என்றேன். கேட்கவில்லை. “பாதில எறங்கதுக்கா ஏறினேன்?” என்றாள். சண்டை போட்டோம். நான்காவது ஊசிக்கு நான் கூடப் போகவில்லை. அவள் மாஷிமாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். ஆறையும் போட்டுக்கொண்டாள். தை பிறப்பதற்குள் போய்விட்டாள். நோய் கொன்றதா மருந்து கொன்றதா என்று இன்றைக்கு வரைக்கும் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தத் துணுக்கைச் சோதித்தால், அந்த மருந்து அவளுக்கு எப்போதாவது பலித்திருக்குமா, பலித்திருக்காதா என்று தெரியுமா? பலித்திருக்காது என்றால் நான் சொன்னதுதான் சரி. பலிக்க வாய்ப்பு இருந்தது என்றால் அவள் சொன்னது சரி. தெரியுமா தெரியாதா?

இராஜமாணிக்கம்


டாக்குரியா
2 ஆகஸ்ட் 2004

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் கேட்டது ஒரு வார்த்தைப் பதில். என்னிடம் அது இல்லை. ஏமாற்ற விரும்பாததால் உள்ளதை எழுதுகிறேன்.

மருந்தால் கட்டி கரைந்த பெண்களின் துணுக்குகளையும், கரையாதவர்களின் துணுக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, மரபணுக்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்க்கிறோம். தாயம்மாள் அம்மாவின் துணுக்கு, பலிக்காதவர்களின் கூட்டத்தோடு ஒத்துப்போகிறதா, பலித்தவர்களின் கூட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல முடியும். ஒத்துப்போவதாலேயே அது தீர்ப்பாகிவிடாது. எங்களிடம் இருப்பது கொஞ்சம் பெண்களின் துணுக்குகள்தான். ஆனாலும், ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்தால், ஓரளவு நம்பலாம்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் எங்கள் ஆய்வுக்கு ஒரு விதி உண்டு. தனி ஒருவரின் முடிவை அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொல்லக் கூடாது. உறுதியாகாத ஒன்றை வைத்து யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக அந்த விதி. உயிரோடு இல்லாதவருக்கும் அதுவே. நீங்கள் சம்மதம் கொடுத்தாலும், விடையை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது.

எதற்காகத்தான் செய்கிறோம் என்று கேட்பீர்கள். இன்றைக்கும் எங்கள் வராந்தாவில் அதே பெஞ்சில் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு அந்தச் சிவப்பு மருந்து வீண் என்று முன்பே தெரிந்தால், அவர்களுக்கு வேறு மருந்தாவது கொடுக்கலாம்.

தேவிப்ரியா


தூத்துக்குடி
16-8-2004

டாக்டர் அம்மா,

நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம். பெண்சாதி என்னுடையவள், துணுக்கு அவளுடையது, விடை மட்டும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்குச் சொந்தம்.

அடையாளத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்லலாம் என்கிறீர்கள். நான் அந்தத் தொழிலில்தான் இருந்தேன். பெட்டி மேல் மார்க் போட்டிருக்கும், அதைப் பார்த்து எழுதுவோம். மேலே டீ என்று மார்க், உடைத்துப் பார்த்தால் மரத்தூள். எத்தனையோ பார்த்தாயிற்று. உங்கள் மார்க்கை நம்பி நான் அவளைக் கொடுக்கப் போவதில்லை.

மகாளய அமாவாசைக்கு அங்கே வருகிறேன். அன்றைக்குக் கங்கையில் அவளைச் சேர்த்துவிட்டால் என் கடன் தீர்ந்தது. எடுத்து வையுங்கள்.

இராஜமாணிக்கம்


டாக்குரியா
18 அக்டோபர் 2004

மதிப்பிற்குரிய ஐயா,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ரயில் நிலையத்துக்கு வந்து வழியனுப்பலாம் என்று நினைத்தேன். எந்த வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் இல்லை.

உங்கள் செம்பு என் மேசை மேல் இருக்கிறது. பாபுகாட்டிலிருந்து கங்கைத் தண்ணீர் எடுத்து வந்திருந்தீர்களே, அது. நீங்கள் அதை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். கூட்டுகிற ஆயா அதைத் தொடப் பயப்படுகிறாள். நானும் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன்.

உறைபெட்டியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வந்தது. நீங்கள் ஒரு அடி பின்னால் போனீர்கள். துணுக்கு இருக்கும் குழாயை எடுத்துக் காட்டினேன். “பேரு எங்க?” என்றீர்கள். எண்தான் போடுவோம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். “வெறும் நம்பராவா கெடக்கா?” என்றீர்கள். வராந்தாவில் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். டீ கொண்டு வந்து பார்த்தபோது நீங்கள் இல்லை. நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

எடுத்துக்கொண்டும் போகவில்லை, சம்மதமும் கொடுக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் ஐயா?

தேவிப்ரியா


தூத்துக்குடி
9-11-2004

அம்மா தேவிப்ரியா,

உன்னைப் பார்த்த பிறகு ‘நீங்கள்’ என்று எழுத வரவில்லை. அகிலாவை விட நீ சின்னவள். கோபித்துக்கொள்ளாதே.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, எனக்கு அடுத்து ஒரு வங்காளிப் பெண் இருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். புருஷன் நின்றுகொண்டே அவளைத் திட்டினான். எனக்குக் காது கேட்காது, ஆனாலும் கேட்டது, அவ்வளவு சத்தம். போதும், வீட்டுக்கு வா, இந்த மருந்து உன்னைத் தின்கிறது என்றான். இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்து கற்றுக்கொண்ட வங்காளம் அன்றைக்குப் புரிய வேண்டியிருந்ததா? அந்தப் பெண் மடியில் பையை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து தனியாக உள்ளே போனாள். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அவனிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். கூடப் போ என்று சொல்வதா, நீ சொல்வதுதான் சரி என்று சொல்வதா? எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதற்கு மேல் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். செம்பு மறந்துபோனது ஹவுரா வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சம்மதப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று விஷயம் கேட்கிறேன். எடுக்கிற அன்றைக்கு அந்தக் குழாயில் தாயம்மாள் என்று தமிழில் எழுது. ராகு காலத்தில் தொடாதே. யாரும் வெறும் வயிற்றோடு அந்த வேலையைச் செய்யக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது.

விடையை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எழுதுகிறேனே தவிர, தபால்காரன் வரும்போதெல்லாம் வாசலுக்கு வருவேன். அது என் புத்தி.

இராஜமாணிக்கம்


டாக்குரியா
21 ஜனவரி 2005

அன்புள்ள ஐயா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அம்மாவைத் திருத்தச் சொல்லவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தோம். குழாயில் அவர் பெயரை எழுதினேன். பேராசிரியரையும் பிடித்து உட்கார வைத்து இரண்டு லூச்சிப் பூரி தின்ன வைத்தேன். நல்ல நேரம் பார்த்துத்தான் எடுத்தேன்.

ஐயா, விடை வரவில்லை. சொல்லக் கூடாது என்ற விதிக்காக நான் மறைப்பதாக நினைக்காதீர்கள். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நாங்கள் அளப்பது மரபணுக்கள் வேலை செய்யும்போது உண்டாக்கும் ஒரு பொருளை. அது மிகவும் மெல்லியது. உடம்பிலிருந்து எடுத்தவுடனே உறைய வைக்காவிட்டால் உடைந்து தூளாகிவிடும். தாயம்மாள் அம்மாவின் துணுக்கில் அது முழுக்க உடைந்திருந்தது. கரண்ட் போன ஏதோ ஒரு நாளில் பெட்டி சூடாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே பெட்டியில் பக்கத்துக் குழாய்களில் இருந்த மற்றப் பெண்களின் துணுக்குகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அவற்றை எடுத்தவுடன் ஓடிப்போய் உறைய வைத்திருந்தேன். இவருடையதை மட்டும் மே மாத வெக்கையில் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்போது செய்த பழைய சோதனைக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. இப்படி ஒரு சோதனை வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குச் சமாதானம் சொல்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நீங்கள் எனக்குக் கொடுத்ததை நான் ஒன்றுமில்லாமல் செய்துவிட்டேன். உங்களிடமே கொடுத்திருந்தால் கங்கையிலாவது சேர்ந்திருக்கும்.

மிச்சக் கரைசலை ஆற்றில் விட முடியாது, அதில் விஷ மருந்துகள் கலந்திருக்கின்றன. ஆஸ்பத்திரி உலையில் எரிப்பார்கள். மற்றவற்றோடு அள்ளிப் போட விடாமல் தனியாகப் போடச் சொல்லி, முடியும்வரை பக்கத்தில் நின்றேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். வேறு யாரும் இல்லாததால் நான் நின்றேன். உங்கள் செம்புத் தண்ணீரை எடுத்துப்போய், அன்று சாயங்காலம் பாபுகாட்டில் அவர் பெயரைச் சொல்லி விட்டேன். செம்பை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

மன்னிப்பு கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.

தேவிப்ரியா


தூத்துக்குடி
4-2-2005

அம்மா தேவிப்ரியா,

செம்பை அனுப்பாதே. நீயே வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அகிலாதான் பிரித்து என் காதோரம் கத்திப் படித்தாள். பெஞ்சில் வைத்துச் சாப்பிட்ட இடம் வந்ததும் அவள் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கோபப்படுவேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்புறம் அழுதேன். மாப்பிள்ளை பயந்து டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார்.

நாலு வருஷமாக அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன் அல்லவா. முடிவு தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கு ஒரு பிடி சோறு போடுகிறேன் என்று அன்றைக்கே அதை முடித்துவிட்டுப் போயிருக்கிறாள். இனி யாராலும் சொல்ல முடியாது, இல்லையா? நான் சொன்னது சரியா, அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாமலே நான் செத்துப்போவேன். அதுதான் வலிக்கிறது. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பசித்தவளை நிறுத்திச் சோறு போட்டது அவள். நீ சாப்பிடாமல் போயிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

உனக்கு ஒன்று தெரியாது. அந்தத் தூக்குவாளியில் இருந்தது என் சோறு. அவளுக்கு அன்றைக்கு வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். மருந்து வாங்கிவிட்டு நான் பசியோடு வந்து பார்த்தால் வாளி காலி. எங்கே என்றேன். “காக்காய்க்குப் போட்டுட்டேன்” என்றாள். உன்னைச் சொல்லியிருந்தால் யார், எதற்கு என்று எல்லாவற்றையும் நான் கிளறியிருப்பேன் அல்லவா. கத்தினேன். டீக்கடையில் போய் ஒரு பன்னைத் தின்றேன்.

மறுநாள் முதல் ஊசி. அதன் பிறகு அவள் சமைத்த எதிலும் உப்பு சரியாக இருந்ததில்லை. அவள் நாக்கில் ருசி இருக்கும்போது கடைசியாகச் சமைத்தது அந்தப் புளிச்சோறுதான். நான் அதைச் சாப்பிடவில்லை, நீ சாப்பிட்டாய். இதை நான் இத்தனை வருஷம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அது எப்படி இருந்தது? புளியும் உப்பும் சரியாக இருந்ததா? உனக்கு நினைவிருக்கும் மட்டும் எழுது. அந்த விடை எனக்குப் போதும்.

இராஜமாணிக்கம்


டாக்குரியா
15 பிப்ரவரி 2005

அன்புள்ள மாமாவுக்கு,

உப்பு சரியாக இருந்தது. புளி கொஞ்சம் தூக்கலாக, நல்லெண்ணெய் மணத்தோடு இருந்தது. வேர்க்கடலையை முழுசாகப் போட்டிருந்தார். காரம் அதிகம், எனக்கு மூக்கில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரித்தார். வாளியின் அடியில் கொஞ்சம் அடிப்பிடித்த சோறு இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் விட நன்றாக இருந்தது.

ஒரு மூடி சாப்பிட்டதும் அவர் போதுமா என்றார். குப்பியை எடுத்துக்கொண்டு நான் அப்போதே எழுந்து போயிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

தேவிப்ரியா